அட்டை அரிவாள்

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மில்பிடாஸ் நகரில் இயங்கிய சிறிய தமிழ் மன்றம் ஒன்றின் ஆண்டு விழாவுக்கு ஒன்பது நாள்களே இருந்தன. நடனம் பயிற்றுவிக்கும் ஜலஜாவின் வீட்டுக் கராஜில் எட்டுக் குழந்தைகள் ஒரு திரைப்பாட்டுக்கு ஆடிப் பழகிக்கொண்டிருந்தனர். மகளை அழைத்துச் செல்ல வந்த தாமரைச்செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள். எட்டுப் பேர் கையிலும் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை அரிவாள். நுனியில் சிவப்பு ரிப்பன். ஆட்டத்தின் முடிவில் ஒன்பது வயது வான்மதி, மண்டியிட்டிருந்த சபரியின் கழுத்தை நோக்கி அதை ஓங்கி இறக்கினாள்.

காரில் ஏறியதும், இனி அரிவாள் வேண்டாம் என்றாள் தாய்.

"இட்ஸ் ஜஸ்ட் கார்ட்போர்டு, அம்மா," என்றாள் வான்மதி.

பதினாறு ஆண்டுகளுக்கு முன், தென்காசிக்கு அருகே, வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் தாயின் அண்ணனான வேலுமணி மாமா வெட்டுண்டு இறந்தது அவளுக்குத் தெரியாது. விபத்து என்றே சொல்லி வைத்திருந்தனர்.

சனிக்கிழமை கூடிய மன்றச் செயற்குழுவில், எல்லாக் குழந்தைகளின் கையிலிருந்தும் அரிவாளை எடுத்துவிட வேண்டும் என்று தாமரைச்செல்வி கேட்டாள். திரைப்படம் பார்த்து எவரும் கொலைகாரர் ஆவதில்லை என்றும், சினம் மனிதனோடு பிறந்தது என்றும் தலைவர் வெங்கடகிருஷ்ணன் பொறுமையாக எடுத்துரைத்தார். ஷ்யாமளா மட்டும், தன் மகன் வீடியோ கேம் ஆடிய பிறகுதான் தம்பியை அடிக்கிறான் என்றாள். கேம் இல்லாத காலத்தில் நாம் அடித்துக்கொள்ளவில்லையா என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தனர்.

தாமரைச்செல்வி அதுவரை அங்கே எவரிடமும் சொல்லாத அண்ணனின் கொலையை அப்போது சொன்னாள். சிரிப்பு நின்றது.

"சாரிம்மா. தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் தலைவர், தாழ்ந்த குரலில். "வெட்டின அந்த ஆள் சினிமா பார்த்துக் கெட்டுப்போனவனா?"

ஆம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் அன்றே வென்றிருப்பாள்.

"இல்ல சார். அவர் வீட்ல டிவி கூடக் கிடையாது. தியேட்டர் பக்கமே போக மாட்டார்."

"அப்ப நான் சொல்றதைத்தானே நீங்களும் சொல்றீங்க?"

"அவருக்குள்ள இருந்த ஏதோ ஒண்ணுதான் வெட்டுச்சு. ஆனா அன்னைக்கு ஊர்ல யாரும் விசில் அடிக்கல சார். கதவைச் சாத்திக்கிட்டாங்க. இங்க என் பொண்ணு வெட்டினா முந்நூறு பேர் விசில் அடிக்கப்போறோம். அவளுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. அதை நாமளே தட்டிக்கொடுத்து எழுப்ப வேண்டாம்."

வாக்கெடுப்பில் ஐந்துக்கு இரண்டு என்று தோற்றாள். விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையை வெறுங்கையோடு ஆடவிடலாம் என்ற அளவில் குழு இசைந்தது.

அன்று மாலை, மாமா எவ்வாறு இறந்தார் என்பதை மகளிடம் சொன்னாள். வான்மதி, நான் இன்னும் டான்ஸில் இருக்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இருக்கலாம், அரிவாள் இல்லாமல் என்றாள் தாய்.

ஞாயிறு முதல் மற்ற ஏழு பெற்றோரையும் தொலைபேசியில் அழைக்கலானாள். ஒவ்வொருவரிடமும் அண்ணனின் சாவை முதலிலிருந்து சொல்ல நேர்ந்தமையால், ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்கு மேல் பேச இயலவில்லை. மானஸாவின் தாய் உடனே இசைந்தாள். சபரியின் தந்தை, பிள்ளை அழுவானே என்று தயங்கி, பிறகு சரி என்றார். மூன்றாமவர் பாதியிலேயே இணைப்பைத் துண்டித்தார். நான்காமவர் கேள்வி ஒன்றும் கேட்காமல் ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை ஜலஜா அழைத்தாள்.

"தாமரை, இப்ப நாலு பேர் கையில இருக்கு, நாலு பேர் கையில இல்ல. ஸ்டேஜ்ல கோணலா இருக்கும். நான் எப்படி ஃபார்மேஷன் போடறது?"

"கோணலாவே இருக்கட்டும் அக்கா. இன்னும் மூணு பேர்கிட்ட நான் பேசல."

விழாவுக்கு இரண்டே நாள்கள் இருந்தன. இனி ஒரு நாளைக்கு ஒரு வீடு போதாது. தாமரைச்செல்வி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஐந்தாவது எண்ணை அழுத்தினாள்.