சுஐபு கண்ட செஜியாங்

அமீரகத்தின் அல் ஐன் கடைத்தெருவில் சுஐபு முதலாளியிடம் சீப்பு வாங்கப் போகிறவன் செஜியாங் மாகாணத்தின் வரலாற்றைக் கேட்காமல் வெளியே வர முடியாது. மனிதர் சீனாவுக்குப் போனது ஒரே தடவை. போன வருஷம், தொண்ணூற்றேழில், இவூ சந்தையில் ஒரு வாரம் சுற்றினார். அதிலேயே அந்த மாகாணத்தைக் கரைத்துக் குடித்துவிட்டாராம். முக்கால்வாசி நிலம் மலை, அதனால் சனங்கள் உழவை விட்டு வியாபாரத்தில் இறங்கினார்கள். அந்தக் காலத்தில் தெருத்தெருவாக வெல்லம் கொடுத்துக் கோழி இறகு வாங்கியவர்கள் இன்று பொத்தானும் ஜிப்பும் செய்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள் என்று அளந்துகொண்டே இருப்பார்.

கடையில் சரக்கு இறக்கி அடுக்கும் அழகுமலைக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். தை மாதம் அவன் தங்கை நாகவள்ளிக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு; தாரை வார்த்துக் கொடுக்க அண்ணன்தான் நிற்க வேண்டும். லீவு கேட்டான். முதலாளி கையை விரித்தார். நோன்புப் பெருநாளுக்குச் செஜியாங்கிலிருந்து கண்டெய்னர் வருகிறது, இறக்கி அடுக்கிவிட்டுத் தாராளமாகப் போ என்றார். பாஸ்போர்ட் அவர் மேசைக்குள் இருந்தது. அழகுமலை யாரிடம் போய் முட்டிக்கொள்வான்?

நோன்பு இருபதைத் தாண்டியும் கண்டெய்னர் வரவில்லை. கல்யாண நாள்தான் வந்து போனது. ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் தாரை வார்த்தார்.

மறுநாள் இவூவுக்குப் போன் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. சீனப் புத்தாண்டாம். தொழிலாளிகள் அத்தனை பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள், தொழிற்சாலையைப் பூட்டியாகிவிட்டது, சரக்கு கப்பலே ஏறவில்லை. முதலாளிக்கு அங்கே மலை தெரியும், கோழி இறகு தெரியும். வேலை செய்கிறவன் வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போவான் என்பது மட்டும் தெரியாது. வேலைக்காரனுக்கும் வீடு உண்டு என்ற நினைப்பே நுழையாத மண்டை அது.

கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று அழகுமலை எதிர்பார்த்தான். அவரோ, பெருநாள் சாமான் கேட்டு வந்த பக்கத்துக் கடை ராஜிக் காக்காவிடம் புதுப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

"செஜியாங்காரனுக்குக் குடும்பம்னா உசுரு காக்கா. நல்ல நாளு வந்துட்டா எந்த மொதலாளியும் அவன நிறுத்தி வைக்க முடியாது. அது அவங்க பரம்பரைப் பழக்கம்."

சொல்லிவிட்டு, ஏதோ பெரிய மனது பண்ணுகிறவர்போல் அழகுமலை பக்கம் திரும்பினார். "சரக்குதான் இல்லையே. வேணும்னா நீயும் ஊருக்குப் போயிட்டு வாயேன்."

"எதுக்கு மொதலாளி? எந்தங்கச்சி மாமியா வீடு போய்ச் சேந்துட்டா."