காட்டாத முகம்

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதாள். இருந்தும் மாமியார் வந்து கதவைத் தட்டிவிட்டாள்.

"எத்தனை வாட்டி சொல்றது? நீ அழுதா உள்ள இருக்கிறதுக்கு ஆகாது. முகத்தைக் கழுவிட்டு வா."

கழுவிக்கொண்டு வந்தாள். வயிற்றில் எட்டு மாதம். போன வருஷம் ஒரு பையன் பிறந்தான், மூச்சில்லாமல் பிறந்தான். அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டால் பெற்றவளால் மறக்க முடியாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்களாம். வீடு திரும்பியபோது அவள் தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகளும் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அவளும் எடுக்கக் கூடாது.

மாமியார் கொடுமைக்காரி இல்லை. பழம் நறுக்கி வைப்பாள், கால் வீங்கினால் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். லாரி ஓட்டும் கணவன் வாரக் கடைசியில் வருவான். வயிற்றைப் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். தையல் கம்பெனியில் அவளோடு காலர் தைக்கும் பெண்கள்கூட, அவள் வந்து உட்கார்ந்தால் பிள்ளைகளைப் பற்றிய பேச்சைச் சட்டென்று மாற்றினார்கள். தூக்கம் வரவில்லை. குழந்தை அசைகிறதா என்று வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். அசைந்தால், இது இன்னும் எத்தனை நாளைக்கோ என்று பயப்படுவாள்.

ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதே, மனசில் ஏதாவது கவலையா என்று டாக்டர் கேட்டார். பதில் மாமியாரிடமிருந்து வந்தது.

"அவளுக்கு என்ன கவலை டாக்டர்? தாங்கு தாங்குன்னு தாங்குறோம்."

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வலி முன்கூட்டியே வந்துவிட்டது. பிரசவ அறையில் முக்கச் சொன்னபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை இறுக்கினாள். நர்ஸ் அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டாள்.

"உள்ள இருக்கிற வரைக்கும்தான் உயிரோட இருக்கும். வெளிய வந்தா செத்துரும்."

நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன தடவை என்னம்மா ஆச்சு?"

அதுவரை அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. வலிக்கு நடுவே விட்டுவிட்டுச் சொன்னாள். வாய்விட்டு அழுதாள். முகத்தைக் கழுவு என்று யாரும் சொல்லவில்லை. அதனால் வலி ஒன்றும் லேசாகிவிடவில்லை. கடைசியில் ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். ஆனால் அவள் முக்கினாள். பெண் குழந்தை. எடைதான் குறைவு, அழுகைக்குக் குறைவில்லை.

மறுநாள் கணவன் வந்து சேர்ந்தபோது, பேத்தியைக் கையில் ஏந்தியபடி மாமியார் பூரித்துப்போயிருந்தாள். பட்டதெல்லாம் தீர்ந்தது, இனிமேல் இந்த வீட்டில் பழசு எதுவும் வேண்டாம் என்றாள்.

அவள் கணவனைப் பார்த்தாள்.

"நீங்கதானே அவனைத் தூக்கிட்டுப் போனீங்க. எப்படி இருந்தான்?"

"நல்ல நாளும் அதுவுமா எதுக்கு அந்தப் பேச்சு?" என்றாள் மாமியார்.

"நான் அவரைக் கேட்டேன் அத்தை."

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடியே சொன்னான்.

"முடி நிறைய இருந்துச்சு. காது உன்னை மாதிரியே. விரலை மடக்கி வச்சிருந்தான், நான் ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லலை."

மாமியார் குழந்தையோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னும் சொல்லுங்க" என்றாள் அவள்.