இரண்டு ஆமென்

ஆறுச்சாமி இடுப்பு மடிப்பிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மூன்று விரல்களால் தொட்டும்விட்டார். அதற்குள் அன்புக்கரசி, செத்துக் கிடந்த புருஷனின் நெற்றியை முந்தானையால் மூடினாள். அழுகையை நிறுத்தாமலேயே மூடினாள்.

"அட, இரு அம்மணி. எந்தம்பிக்கு ஒரே ஒரு கோடு. நஞ்சப்பனாப் பொறந்தான், நஞ்சப்பனாப் போவட்டும்."

"தானியேலுங்க மாமா."

"அது மில்லுல சேர்ந்தப்பறம் வச்ச பேரு."

"ஞானஸ்நானத்துல வச்ச பேருங்க."

மூன்று விரல்களும் வெள்ளையாக அந்தரத்தில் நின்றன. ஆறுச்சாமி அவற்றை வேட்டியில் துடைத்துக்கொள்ளவும் முடியாமல், தம்பி மகன் சாலமோனைக் கண்ணால் வெளியே கூப்பிட்டார்.

சிங்காநல்லூர் குளத்துக்குப் போகும் சந்தில் அந்த வீடு. காலையில் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது தானியேலின் ஒரு கை மட்டும்தான் சட்டைக்குள் போனது. இன்னொரு கை போவதற்குள் ஆள் போய்விட்டார்.

வாசல் பந்தலில், வாடகை நாற்காலியில், கிராம அதிகாரி வரதராஜுலு உட்கார்ந்திருந்தார். ஊரில் மணியகாரர் என்றால் அவர்தான். துக்கத்துக்கு வந்தவர் மாதிரியும் விசாரணைக்கு வந்தவர் மாதிரியும் பாதிப்பாதியாக இருந்தார்.

"கண்ணு, பெரியப்பன் ஏன் இந்தப் பாடு படறேன்னு உனக்கே தெரியும்" என்றார் ஆறுச்சாமி மெல்ல. "மணியகாரரு கண்ணால பார்த்தாப் போதும்னுட்டாரு. நெத்தியில விபூதி, வாசல்ல மேளம், நம்ம சுடுகாடு. இந்துன்னு எழுதி அனுப்பிச்சுருவாரு. கிறிஸ்தவன்னு எழுதுனா எஸ்.சி. சர்டிபிகேட்டு வராது. அது கையில இருந்தா நீ கோட்டாவுல சர்க்கார் பரீட்சை எழுதலாம். எம்பையன் இஞ்சினீருக்குப் படிக்கறான், பாத்தியல்ல?"

பார்த்திருந்தான். இரண்டு வருடமாக வேறு எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

பிளஸ் டூ முடித்த கோடையில் இதே மணியகாரர் இதே வீட்டுக்கு விசாரணைக்கு வந்தார். எல்லாம் பெரியப்பா ஏற்பாடு. சுவரிலிருக்கும் ஏசு படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்க வேண்டும். கேட்டால், இந்து என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"அரை மணி நேரந்தானுங்கப்பா" என்று சாலமோன் கெஞ்சினான்.

"அரை மணி நேரம் அவரை ஒளிச்சு வச்சுப்போட்டு, அப்பறம் எந்த மூஞ்சிய வச்சுட்டு வெளிய கூப்பிடுவேன், சொல்லு?"

படம் சுவரிலேயே இருந்தது. மணியகாரர் காபி குடித்தார்.

"நீங்க இந்துதானுங்களே?" என்றார். ஆமாம் என்ற பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

"இல்லீங்க. கிறிஸ்தவனுங்க."

மணியகாரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தரம் மெதுவாகக் கேட்டார். தானியேல் அதே பதிலை அவரைவிட மெதுவாகச் சொன்னார்.

சாலமோன் கலைக் கல்லூரியில் கணிதம் சேர்ந்தான். 'எங்கப்பாவோட கடவுளுக்குக் கணக்கு வீக். அதான் என்னைச் சேர்த்துவிட்டிருக்கார்' என்பான். வகுப்பே சிரிக்கும். வீட்டில் அவன் அப்பாவுடன் சண்டை போடவில்லை. ஒன்றை மட்டும் நிறுத்தினான். ராத்திரிச் சாப்பாட்டின்போது தானியேல் கண்ணை மூடி ஜெபம் செய்வார். முடிவில் மூன்று பேரும் ஆமென் சொல்வது அந்த வீட்டு வழக்கம். சாலமோன் சொல்ல மாட்டான். "சோறு ஆறுதுங்க" என்று பிசைய ஆரம்பித்துவிடுவான். தானியேல் சற்று நேரம் காத்திருப்பார். பிறகு, விட்டுப்போன வரவைப் போட்டு வைப்பவர் போல, இன்னொரு ஆமெனையும் தானே சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்.

நேற்று ராத்திரியும் இரண்டு சொன்னார்.

சந்து முனையில் தட்டு ரிக்‌ஷா நின்றது. பெட்டிக்கடை யூனுஸ் பாய் இறங்கினார். அவர் விற்பது சவப்பெட்டி. கறுப்புத் துணி போர்த்திய பெட்டியை இரண்டு பேர் இறக்கினார்கள். ஜிகினாத் தாள் ஒட்டிய சிலுவை மட்டும் தனியாக பாயின் கக்கத்தில் இருந்தது.

"தம்பி, இத அடிக்கறதுங்களா, வேண்டாமுங்களா?"

"ஏனுங்க பாய், அது பெட்டியோட வர்றதில்லீங்களா?"

"முன்னாடி எல்லாம் அடிச்சேதான் கொண்டாருவேன். இப்பச் சில ஊட்டுல, ஆபீசருக வருவாங்க, வேண்டாம்ங்கறாங்க. அடிச்சதப் புடுங்குனாத் துணி கிழியுது. அதனால கேட்டு அடிக்கறதுங்க."

ஆறுச்சாமி சாலமோனின் தோளைத் தொட்டார். "மூடிக்கு மேல எதுக்குக் கண்ணு? உள்ள வச்சுப்போடலாம். அவங்கூடவே இருக்கட்டும். யாருக்கும் தெரியாது."

நல்ல யோசனைதான். கல்லூரியில் யாராவது சொல்லியிருந்தால் அதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பான். அவன் மணியகாரரைப் பார்த்தான். மணியகாரர், எதுவாக இருந்தாலும் எழுதிக்கொள்கிற முகத்தோடு அவனைப் பார்த்தார்.

"தம்பி யோசிச்சுச் சொல்லட்டுங்க" என்றார் அவர். குரலில் கருணை இருந்தது.

"எங்கப்பா கிறிஸ்தவருங்க" என்றான் சாலமோன்.

"அது தெரியுமுங்க. நீங்க?"

சாலமோனிடம் எப்போதும் பதில் இருக்கும். இப்போது தேடிப் பார்த்தான். அப்பாவுடையதுதான் அகப்பட்டது.

"நானுமுங்க."

அப்புறம் யூனுஸ் பாயிடம் திரும்பினான். "மேலயே அடிங்க பாய். நல்லாத் தெரியற மாதிரி."

"உங்கொப்பன் ஒருத்தன் பத்தாதுன்னு…" என்று ஆரம்பித்த ஆறுச்சாமி முடிக்கவில்லை. ஆணி இறங்கும்போது மூடி ஆடியது. வேறு யாரும் வராததால் அவரே குனிந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல்களில் மிச்சமிருந்த விபூதி கறுப்புத் துணியில் ஒட்டியது. அதை யாரும் துடைக்கவில்லை.

மணியகாரர் எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உடலைப் பார்த்தார். வரும்போது சாலமோனிடம், "அன்னைக்கு எங்கூட்டுப் பொண்ணுக்குக் காச்சல்னு பேச்சுவாக்குல சொன்னேனுங்க. சர்டிபிகேட்டு இல்லீன்னு சொன்னதுக்கப்பறமும், உங்கப்பா என்னை நிக்க வச்சு ஜெபம் பண்ணித்தான் அனுப்புனாரு" என்றார். அவனுக்கு அது ஞாபகமில்லை. அன்று அவன் கோபித்துக்கொண்டு கொல்லைப்புறம் போயிருந்தான்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. சபைக்காரர் வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தன. பெரியப்பா, அம்மா, சாலமோன் மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரோரம் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டே உட்கார்ந்தார்கள்.

அம்மா கண்ணை மூடினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்து அவன் தட்டைப் பார்த்தாள்.

"சாப்பிடு கண்ணு. சோறு ஆறுது."

சாலமோன் கையை மடியிலேயே வைத்திருந்தான். ஆமென் இன்னும் யாரும் சொல்லவில்லை. ரசத்தின் ஆவி மேலே எழுந்து, மெலிந்து, நின்றது. பெரியப்பா ஒரு கவளம் எடுத்தவர், அவனைப் பார்த்துவிட்டு அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.