சோப்பு படாத பானட்

“பானட்ல மட்டும் சோப்பு போட்றாதீங்கண்ணே. வெறும் தண்ணி அடிச்சாப் போதும்.”

டிரைவர் இதைச் சொன்னபோது நுரைக் குழாய் என் கையில் இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். பதினாறு வருடமாகக் கார்களைக் கழுவி மெருகேற்றுகிறேன். சீட்டில் தண்ணீர் படக்கூடாது, இன்ஜினில் படக்கூடாது என்று சொன்னவர்கள் உண்டு. பானட்டில் சோப்பு கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

“யாரு சொன்னா?”

“எங்க டாக்டரம்மா வண்டிக்கு மாசாமாசம் பாலிஷ் போடுறவரு. இன்னிக்குன்னு பாத்து அவர் கடை லீவு, காக்கா வேற எச்சம் போட்டு வெச்சிருக்கு.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “பாவம்ணே இந்த வண்டி. முன்னாடி உப்புத்தாள்னு ஒரு ஆளு கையில மாட்டி, பானட்டையே சொரண்டி வெச்சுட்டான். இவருதான் காப்பாத்திக் குடுத்தாரு.”

அந்த உப்புத்தாள் நான்தான்.

காப்பாற்றியவர் என் சகலை. என் மனைவியின் அக்கா கணவர். நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கடை வைத்திருந்தோம். மூன்று வருடம் முன்பு, என் மகளைப் பள்ளியில் சேர்க்க நான் போயிருந்த ஒரு நாள், கண் டாக்டரம்மாவின் இந்தக் கறுப்புக் கார் பாலிஷுக்கு வந்தது. மறுநாள் வெயிலில் பார்த்தால் பானட் முழுக்கக் கீறல். டாக்டரம்மா திரும்பிவந்து சத்தம் போட்டபோதும் நான் கடையில் இல்லை. சகலை என் பெயரைச் சொல்லிவிட்டு, “நான் சரி பண்ணித் தர்றேன்” என்று அரை மணி நேரத்தில் பளபளவென்று ஆக்கிக் கொடுத்திருக்கிறார். டாக்டரம்மா எனக்கு, மரம் தேய்க்கிற உப்புத்தாள் என்று பெயர் வைத்தார். ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை கார்க்காரர்களும் அதையே சொன்னார்கள். நான் செய்யவில்லை என்று தொண்டை வற்றக் கத்தினேன். கடையில் பாலிஷ் மெஷின் எப்போதும் என் கையில்தானே இருக்கும், யார் நம்புவார்கள்? வெளியே வந்து இந்த வாட்டர் வாஷில் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். என் மனைவி இன்றுவரை அவள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கீறல் விழுந்த அந்த பானட்டை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இப்போது அது என் முன்னால் நின்றது.

கிளேஸ் என்ற பூச்சைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லியது. அழுக்குத் துணியால் துடைத்தாலே அதில் நூல் நூலாகக் கீறல் விழும். ஒவ்வொரு கீறலும் ஒரு குட்டி வாய்க்கால். அதன் கரைகளில் பட்டு வெயில் சிதறுவதால்தான் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது. பாலிஷ் போடுவது என்றால், வாய்க்காலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள தரையைச் சீவிவிடுவது. கீறல் போகும், கூடவே படலமும் கொஞ்சம் போகும். கிளேஸ் எதையும் சீவாது. எண்ணெய்ப் பசை கலந்த குழம்பு அது. வாய்க்காலை நிரப்பி மட்டமாக்கிவிடும். வெளிச்சம் சிதறாமல் திரும்பும், கறுப்பு ஈரக் கறுப்பாகும். படலம் தேய்ந்துபோய், இனி சீவினால் தாங்காது என்ற நிலையில் உள்ள வண்டிக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை. ஆனால் அது நிரந்தரமில்லை. மேலே மெழுகு பூசினால் சில வாரம் நிற்கும். காரமான சோப்பு பட்டால் கரைந்து ஓடிவிடும்.

சோப்பு போடாதே என்றால், அடியில் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

“தம்பி, காக்கா எச்சம் பெயிண்டை அரிச்சிரும். சோப்பு இல்லாம போகாது” என்றேன். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியை என் வயிற்றெரிச்சல் சொன்னது.

பானட்டின் நடுவே நீளமாக டேப் ஒட்டினேன். எச்சம் வலது பாதியில்தான் இருந்தது. அந்தப் பாதிக்கு மட்டும் இருப்பதிலேயே காரமான சோப்பைப் போட்டேன். பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அது மேலே வந்தது. பதினொரு மணி வெயிலில் பிறை பிறையாக நூற்றுக்கணக்கான கீறல்கள்.

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஐயோ அண்ணே! என் வேலைக்கு உலை வெச்சிட்டீங்களே!”

“டாக்டரம்மாவுக்கு போன் போடு. உப்புத்தாள் கூப்பிடுறான்னு சொல்லு.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாலடி தள்ளி நின்றுகொண்டு போன் செய்தான்.

ஆஸ்பத்திரி அடுத்த தெருதான். டாக்டரம்மா வெள்ளைக் கோட்டோடே நடந்து வந்தார். “நீங்களா? மறுபடியும் என் வண்டியில கையை வெச்சாச்சா?”

“மேடம், திட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் குடுங்க. உங்க பார்வைக்கு ஒண்ணு காட்டணும்.”

மூலையில் கிடந்த பழைய கார்க் கதவு ஒன்றை இழுத்து வந்தேன். மெஷினை எடுத்து அதன்மேல் ஓட்டினேன். “சுத்துற மெஷினை யாராலயும் சமமாப் பிடிக்க முடியாது மேடம். பாரம் எந்தக் கையில விழுதோ அந்தப் பக்கம் சாஞ்சு கடிக்கும். அந்தக் கடிதான் இந்தப் பிறை. என்னோடது எந்தப் பக்கம் வளையுதுன்னு பாருங்க.” பிறகு மெஷினைக் கை மாற்றிப் பிடித்து ஓட்டினேன். “இது இடது கை. நேர் எதிர்ப்பக்கம். இப்ப உங்க பானட்டைப் பாருங்க.”

அவர் கோட்டுப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டார்ச்சை எடுத்தார். நோயாளியின் இமையைத் தூக்கிப் பார்ப்பதுபோல பானட்டின்மேல் குனிந்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தார். பிறகு கதவைப் பார்த்தார். மறுபடி பானட். மூன்று வருடமாக என் வாய் சொன்னதை யாரும் கேட்கவில்லை. இப்போது வாயில்லாத தகரம் பேசிக்கொண்டிருந்தது.

“மாசாமாசம் பாலிஷ் போட்டதும் கார்டுல கையெழுத்துப் போட்டுத் தருவாரு” என்றார் மெதுவாக. “இடது கையாலதான்.”

“ஆமாம் மேடம். சோறு மட்டும்தான் வலது கை.”

“அப்ப அன்னிக்கு அவரு சரி பண்ணினது?”

“சரி பண்ணலை. நிரப்பி மூடியிருக்காரு. கரையக் கரைய, மாசாமாசம் புதுசா மூடுறாரு.”

“கண்ணு டாக்டர் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டானா!” அவர் போனை எடுத்தார்.

சகலை கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்தார். சிரித்துக்கொண்டே இறங்கியவர் பானட்டைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிட்டார். டேப்புக்கு இந்தப் பக்கம் வலை, அந்தப் பக்கம் கண்ணாடி.

“மேடம், இவன் இப்பதான் இப்படித் தேய்ச்சு...”

“இடது கையாலயா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

சகலையின் இடது கை தானாகவே பேன்ட் பைக்குள் போனது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரித்தான்.

“சகலை, நமக்குள்ள பேசிக்கலாம்யா. ஒரே குடும்பம்” என்று சகலை என் தோளைத் தொட்டார்.

“என்னை உப்புத்தாளாக்கும்போது குடும்பம் எங்க போச்சு? கையை எடு.” அவர் மூத்தவர். அவரை நான் ‘நீ’ என்று பேசியது அதுவே முதல் தடவை. வாய்க்கு இனிப்பாக இருந்தது.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “நீங்களே பாலிஷ் போட்டு எடுத்துடுங்க.”

ஆசைதான். ஆனால் வேலை கிடைக்கிறதே என்று பொய் சொல்ல எனக்கு வராது. “எடுக்கக் கூடாது மேடம். ஏற்கெனவே நிறைய சீவியாச்சு. இன்னும் சீவினா படலம் பேந்துரும். இந்த வண்டிக்கு கிளேஸ்தான் சரி. அவர் கிளேஸ் போட்டது தப்பில்லை. அதைப் போட்டுட்டு, கீறலை எடுத்துட்டேன்னு சொன்னாரு பாருங்க, அதுதான் தப்பு.”

“அப்ப நீங்க போடுங்க. இவர் நின்னு பார்க்கட்டும்.”

சகலை நின்று பார்த்தார். வண்டியை நிழலுக்குத் தள்ளினோம். பானட் முழுவதையும் சோப்பால் கழுவித் துடைத்து, மென்மையான பஞ்சில் கிளேஸைத் தொட்டுக் குறுக்கும் நெடுக்குமாகப் பூசினேன். மங்கலாகக் காயும்வரை காத்திருந்தேன். துணியை மடித்து, அழுத்தாமல் துடைத்தேன். பிறைகள் வரிசை வரிசையாக மூழ்கின. ஒரே ஒரு இடத்தில் மட்டும், டிரைவர் சீட்டுக்கு நேர் முன்னால், உள்ளங்கை அகலத்துக்கு நாலு பக்கமும் டேப் ஒட்டி விட்டிருந்தேன். அதற்குள் கிளேஸ் போகவில்லை.

“இது விட்டுப்போச்சே?” என்றார் டாக்டரம்மா.

“இருக்கட்டும் மேடம். வேற டாக்டருங்க யாராவது என்ன இதுன்னு கேப்பாங்க. நீங்க சொல்லுங்க.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு உதட்டோரம் சிரித்தார். “கண்டிப்பாச் சொல்றேன். பேரையும் சேர்த்தே.”

“அதையும் மூடிடு சகலை. உன் கால்ல வேணா விழறேன்” என்றார் சகலை.

நான் டேப்பை உரித்தேன். மெழுகு டப்பாவைத் திறந்து, பானட் முழுக்கப் பூசினேன். அந்தக் கட்டத்துக்கு மட்டும் இரண்டு தடவை.

“எதுக்கு அங்க இவ்வளவு மெழுகு?” என்றார் சகலை.

“மழை, வெயில், காக்கா, எதுவும் அதை அழிச்சிடக் கூடாது பாரு.”

இப்போது அந்த வண்டி மாதம் ஒருமுறை என்னிடம் வருகிறது. அதன் பின்னாலேயே ஆஸ்பத்திரிக் கார்கள் இன்னும் நாலைந்து வருகின்றன. சகலைக்கு அவர்கள் இடதுகை உப்புத்தாள் என்று பெயர் மாற்றி வைத்திருப்பதாக டிரைவர் சொன்னான். பழைய கிளேஸைக் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசுவதற்கு முன், அந்தக் கட்டத்தைச் சுற்றி ஒவ்வொரு முறையும் டேப் ஒட்டுகிறேன். அளவெல்லாம் பார்ப்பதில்லை. மாதாமாதம் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு வருகிறது போலிருக்கிறது.