கார்டைக் கழுவி வை

அது எந்த வருஷத்துச் சீசன் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாயிரத்து நான்கு என்று ஒரு கணக்கு, ஐந்து என்று இன்னொரு கணக்கு. படத்தில் இருந்த பிள்ளை கட்டியிருந்த பாவாடை மஞ்சளா கிளிப்பச்சையா என்பதிலும் குழப்பம் உண்டு; நினைக்க நினைக்க நிறம் மாறுகிறது. ஆனால் காசிராஜன் சொன்ன வார்த்தையில் மட்டும் சந்தேகமில்லை. இரண்டு தரப்பும் அதை ஒரே மாதிரிதான் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் சண்டை.

சிவகாசியில் வெள்ளைத்துரையின் அச்சகத்தில் ரோஜா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் தயார் செய்தாள். அவள் அம்மா வள்ளித்தாய் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி சுற்றுகிறவள். அந்த வீட்டில் நகக்கண்ணில் வெடிமருந்து ஒட்டாமல் சோறு தின்கிற முதல் ஆள் ரோஜாதான். இந்த நாற்காலி போனால் அம்மாவோடு கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். அதை அவளுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

காசிராஜன் போட்டோகிராபர். வருஷக்கணக்காக அச்சகத்துக்குப் படம் எடுத்து, இருட்டறையில் தானே கழுவி, தானே பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தவர். அந்தச் சீசனில் முதலாளி டிஜிட்டல் கேமரா வாங்கிவிட்டார். பட்டனை அமுக்குவதோடு காசிராஜன் வேலை முடிந்தது. மிச்சமெல்லாம் ரோஜா கைக்குப் போனது. அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை; கம்ப்யூட்டர் பெட்டியை வைத்துப் 'பொட்டிக்காரி'தான்.

"பொட்டிக்காரி என் படத்துல மூக்கை வழிச்சுப்புட்டா, பாருங்க மொதலாளி."

"வெளிச்சம் ஒழுங்கா விழுந்திருந்தா நான் ஏன் அண்ணாச்சி வழிக்கப் போறேன்?" என்றாள் அவள், மெஷின்காரர்கள் காதில் விழும்படி.

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே அறையில் இரண்டு பேர் பேசாமல் இருப்பது சும்மா இருப்பது இல்லை. அதற்கும் தினமும் தெம்பு வேண்டும். இருவரிடமும் அது நிறைய இருந்தது.

பட்டாசு முதலாளி பத்திரகாளி தன் புதுக் கம்பி மத்தாப்புப் பெட்டிக்குப் பேத்தி கீர்த்திகாவின் படம்தான் வேண்டும் என்றார். பிள்ளைக்கு இடுப்பு வரை முடி. மறுநாள் காலை குலதெய்வம் கோயிலில் அதை இறக்குவதாக நேர்ச்சை. அதனால்தான் அவசரமாக அன்று சாயங்காலமே எடுத்தார்கள். எடுத்த கையோடு வந்த காசிராஜன் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி அவள் மேசையில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "கார்டைக் கழுவி வை. காலைல கோயிலுக்குக் கொண்டு போகணும்."

அச்சகத்தில் ஒரு நிறம் ஓடி முடிந்ததும் ரோலரைக் கழுவுவார்கள். பழைய மையின் சுவடு இருக்கக் கூடாது. அந்த மெஷின் சத்தத்துக்கு நடுவில்தான் ரோஜா தொழில் படித்தாள். கார்டைச் செருகினாள். திரையில் பிள்ளை மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நல்ல படம் என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியது எரிச்சலாகவும் இருந்தது. போன தடவை அவளை நம்பாமல் காசிராஜன் ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டரில் தானே படங்களை ஏற்றிக்கொண்டார். இதையும் அங்கே ஏற்றியிருப்பார் என்று நினைத்தாள். 'ஏத்தியாச்சா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டுதான் இருந்தார். கேட்கவில்லை. ஃபார்மட் கொடுத்தாள். கார்டு காலியானது.

மறுநாள் காலை கார்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போன காசிராஜன் மத்தியானம் திரும்பியதும் முதலாளியையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"படத்தைக் காட்டச் சொல்லுங்க மொதலாளி."

"எந்தப் படம்?" என்றாள் ரோஜா.

"நேத்து கழுவச் சொன்னேன்லா, அது."

"கழுவச் சொன்னீக, கழுவிட்டேன். நீங்க ஆபீஸ் ரூம்ல ஏத்தலையா?"

காசிராஜன் அவள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, கழுவுறதுன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு? உள்ள இருக்க படத்தை வெளிய கொண்டாரது!"

"சட்டியைக் கழுவுனா சோறு வெளிய வருமா அண்ணாச்சி? இருக்கறதும் போகும்."

அடுத்த அறையிலிருந்து மெஷின்காரர் முத்துக்கருப்பன் சிரித்தார். "அந்தப் பிள்ளை சொல்றதும் சரிதானண்ணே. நாம கழுவுனா ஒண்ணும் மிஞ்சாதே."

"நீ மூடுலே. ரோலர் தொடைக்கிறவன்லாம் எனக்குத் தொழில் சொல்ல வந்துட்டான்."

"ரெண்டு பேரும் கழுவுனது போதும்" என்றார் வெள்ளைத்துரை. "பத்திரகாளி அண்ணாச்சிட்ட நான் என்னத்தச் சொல்ல? பிள்ளை தலைல இப்ப சந்தனம்தான இருக்கு."

ரோஜா கார்டை எடுத்துக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறினாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்த புகழேந்தி, அழித்த படத்தைச் சில சமயம் மீட்கலாம் என்று முன்பு சொல்லியிருந்தார். "அழிச்ச பிறகு இதுல வேற படம் எடுத்தீகளா?" என்றார். மொட்டை போட்டதை முழுக்கக் காசிராஜன் அதே கார்டில் எடுத்திருந்தார். புதுப் படங்கள் பழையவற்றைத் தின்றுவிட்டிருந்தன. ஒன்றே ஒன்று பாதியாக வந்தது. முடி, நெற்றி, கண், மூக்கு வரைக்கும் பிள்ளை. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

அந்தப் பாதி போதும். பின்னலை முதுகுக்குப் பின்னால் விட்டிருந்ததால் கீழ்ப் பாதியில் முடி தெரியாது. அதே பாவாடையில், அதே வெளிச்சத்தில், மத்தாப்போடு மறுபடி எடுத்தால் கீழ்ப் பாதியை அவளால் ஒட்டிவிட முடியும். ஆனால் அந்த வெளிச்சம் எங்கிருந்து எப்படி விழுந்தது என்று காசிராஜனுக்குத்தான் தெரியும்.

"எடுக்கேன்" என்றார் அவர். "தப்பு தன்னோடதுதான்னு இவ எல்லார் முன்னாலயும் சொல்லட்டும். பெறகு எடுக்கேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லிட்டுப் போயேன் தாயி" என்றார் முதலாளி. "வாய் வார்த்தைதான. ஒன் வேலைக்கு நான் பொறுப்பு."

மெஷினை நிறுத்தினார்கள். அந்தக் கட்டடம் அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. காலை இருட்டில் வந்து நிற்கும் வேனும் அதன் படியில் கால் வைக்கிற அம்மாவும் கண்ணில் வந்து போனார்கள்.

"தப்பு என்னோடதுதான்."

"கேக்கல."

"தப்பு என்னோடதுதான் அண்ணாச்சி."

"முத்துக்கருப்பனுக்குக் கேட்டுச்சான்னு கேளு."

முத்துக்கருப்பன் தலை குனிந்துகொண்டார். அவள் காசிராஜனின் முகத்தைப் பார்த்தபடி மூன்றாவது தடவையும் சொன்னாள். அவர் கேமராவை எடுத்தார்.

படத்தைக் கெடுத்து எடுப்பார் என்று அவள் பயந்தாள். அவர் கெடுக்கவில்லை. வெளிச்சம் மயிரிழை பிசகாமல் வந்திருந்தது. அதைப் பழைய படத்தில் பிள்ளையின் மூக்குக்குக் கீழே ரோஜா ஒட்டினாள். ஒட்டு எங்கே என்று பத்திரகாளியின் வீட்டாருக்கே தெரியவில்லை. வேலை முடியும் வரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

தீபாவளி முடிந்ததும் முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"தப்பு பண்ணுன பிள்ளையை இன்னுமா வச்சிருக்கீகன்னு பத்திரகாளி அண்ணாச்சி கேக்காரு. நீயும் அம்புட்டுப் பேர் முன்னால ஒத்துக்கிட்ட. நான் என்ன பதில் சொல்ல?"

"பொறுப்புன்னு சொன்னீகளே மொதலாளி."

"அதான் சீசன் முடியற வரைக்கும் வச்சிருந்தேன்ல."

ரோஜா அம்மாவோடு வேனில் ஏறித் திரி சுற்றப் போனாள். இரண்டு வருஷம் கழித்து ஆலங்குளத்தில் வாக்கப்பட்டாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். வள்ளித்தாய் இருமல் முற்றி வேலையை விட்டாள். முதலாளி அடுத்த சீசனுக்கு விலைக்குக் கிடைக்கும் ரெடிமேட் படங்கள் அடங்கிய சிடிக்களை வாங்கிவிட்டதால் காசிராஜனுக்கும் வேலை போனது. மச்சான் கடையில் சில வருஷம் கல்லாவில் உட்கார்ந்திருந்தார், பிறகு இறந்துபோனார். முத்துக்கருப்பன் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார். வெள்ளைத்துரையின் தொழிலை மகன் பார்க்கிறான். கீர்த்திகா மதுரையில் கல்லூரி முடித்தாள். அந்தப் பெட்டி மூன்று சீசன் விற்றது.