அண்ணி மாற்றாத காகிதம்

அந்த மஞ்சள் பூ பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலிருந்த காலிமனையில் மட்டும்தான் முளைத்தது. சூரியகாந்திக் குடும்பம், ஆனால் விரல் உயரம். ஒரே பருவம்தான் ஆயுள். கிழங்கு, கட்டை என்று மண்ணுக்குள் எதையும் சேமித்து வைக்காது. விதை விழாவிட்டால் வம்சம் அதோடு சரி.

பூத்திருந்தபோது சில செடிகளை வேரோடு எடுத்து, உலர்த்திப் பாதுகாப்பதற்காகச் செய்தித்தாள் மடிப்புகளில் பரப்பி, இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டினேன். மற்றவற்றை விதை முற்றட்டும் என்று விட்டுவைத்தேன். அதற்குள் பயிற்சிக்காக வெளியூர் போக வேண்டி வந்தது. ஈரம் போவதற்குத் தினமும் காகிதம் மாற்ற வேண்டும். அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது மனை முழுக்கத் தார் போட்டு வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். ஓரமெல்லாம் தேடினேன். ஒரு செடிகூட இல்லை.

வீட்டில் என் முகத்தைப் பார்த்ததும் அண்ணி முந்திக்கொண்டார்.

“காகிதம் மாத்த மறந்தே போயிட்டேன். திட்டிடு. இப்படி வாயைப் பூட்டிக்கிட்டு நிக்காதே.”

“அவ திட்டறதுக்கு வாயைத் திறக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்,” என்றான் அண்ணன்.

பலகைகளைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தேன். காகிதம் நமுத்துப் போயிருந்தது. மஞ்சள் எல்லாம் வதங்கி, பூ இருந்த இடத்தில் வெள்ளையாக எதுவோ பொங்கி நின்றது.

“ஐயோ, பூஞ்சை பிடிச்சிடுச்சே!” அண்ணி குனிந்து ஊதப் போனார்.

“ஊதாதீங்க! ஃபேனை நிறுத்துங்க!”

கத்தியது நான்தான். அண்ணன் ஓடிப்போய் நிறுத்தினான்.

“அடேங்கப்பா,” என்றார் அண்ணி, “இவ்வளவு குரலை எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?”

பூஞ்சை இல்லை. விதையைக் காற்றில் தூக்கிப் போகும் பஞ்சு. உலர்ந்த காகிதமாக இருந்தால் பூக்கள் உடனே செத்திருக்கும். இந்த ஈரத்தில், தண்டில் மிச்சமிருந்த சத்தைக் கொண்டு மெதுவாக விதைகள் முற்றியிருக்கின்றன. ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பெரும்பாலும் பதர். சில கெட்டியாக இருந்தன.

அவற்றை ஜன்னலோரம் ஒரு மண்தட்டில் தூவினேன். முதல் முளை தெரிந்த காலையில் அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

“தேங்க்ஸ் அண்ணி.”

“எதுக்கு? மறந்ததுக்கா?”

“ஆமா.”

“அந்த வேலைக்கு என்னை விட்டா ஆளே கிடையாது.” தட்டை வெயில் பக்கமாகத் திருப்பி வைத்தார். “தண்ணி மட்டும் நீயே ஊத்திக்கோ.”