ஐந்து இரவும் ஜன்னல் இல்லாத அறையும்

டிராவல்ஸ் ஆபீஸில் இனியா கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். திரையில் இரண்டு அறைகள். ஒன்றில் கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே இரண்டு நாற்காலி போட்ட பால்கனி, அதற்கும் அப்பால் கடல். இன்னொன்றில் ஒரு கட்டில், தலைமாட்டில் ஒரு விளக்கு, சுவரில் ஒரு படம். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் படத்தை மாட்டி வைத்திருந்தார்கள். அதுவும் கடல் படம்தான். என்ன குசும்பு பாருங்கள்.

"பால்கனி ரூம்னா ரெண்டு நைட்டு ஆன்ட்டி. சென்னைல ஏறுனா கடல்ல ஒரு சுத்து சுத்திட்டு திரும்பிடும். உள்பக்கத்து ரூம்னா அஞ்சு நைட்டு, இலங்கை வரைக்கும் போய்ட்டு வரலாம். உங்க பொண்ணு கட்டுன பணத்துக்கு ரெண்டுல எது வேணும்னாலும் போட்டுடலாம். எது போடட்டும்?"

"பால்கனி" என்றேன் நான். "அஞ்சு நாளு" என்றார் அவர். இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னோம். ஷேர் ஆட்டோவில் ஏறிய முன்பின் தெரியாத இரண்டு பேர் ஆளுக்கொரு இடம் சொன்ன மாதிரி இருந்தது. இனியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. இன்னொண்ணு ஆன்ட்டி, நடுக்கடல்ல டவர் கிடைக்காது. போன் எடுக்கலன்னு வீட்டுல யாரும் பயப்பட வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள். டவர் கிடைக்காது என்றதுதான் எனக்கு இடித்தது.

அவர் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரர் கமருஸ்ஸமானை. அரபு நாட்டில், தம்மாமில் ஏசி மெக்கானிக். கல்யாணமான மறு வருஷம் விமானம் ஏறியவர், தாடி நரைத்து, முழங்கால் தேய்ந்து, போன நோன்புக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். நடுவில் வந்து போனதெல்லாம் லீவு. லீவில் வந்த ஆளுடன் குடித்தனம் நடத்துவது என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வந்ததும் பெட்டி பிரித்து சென்ட்டும் சோப்பும் பங்கு வைக்கவே சில நாள் ஓடிவிடும். பிறகு சொந்தக்காரர் வீட்டு விருந்து, யாராவது ஒருத்தர் கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரி அலைச்சல். அதற்குள் திரும்பிப் போகிறவருக்கு ஊறுகாய் போடவும் பொடி இடிக்கவும் நேரம் வந்துவிடும். நெல்லித்தோப்பு வீட்டுக்கு மாடி எடுத்தது நான், கொத்தனார் இராமதாஸோடு மல்லுக்கட்டியது நான், மகள் அரீபாவைப் படிக்க வைத்து பெங்களூரில் வேலைக்கு அனுப்பியதும் நான். அவர் போட்டோவில் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்பார்.

அதற்காக எங்களுக்குள் பேச்சே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. போனில் அந்த மனிதர் வேறு ஆள். தினமும் ராத்திரி இஷா தொழுதுவிட்டுக் கூப்பிடுவார். ரூமில் யார் யாரோடு சண்டை, எந்த பெங்காலி கறியில் உப்பை அள்ளிக் கொட்டினான், சூப்பர்வைசர் எப்படித் தும்முவான் என்று நடித்தே காட்டுவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். நேரில் வந்தால் போச்சு. தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், பேப்பரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். இப்போது ஒரேயடியாக வந்த பிறகும் அதே கதைதான். பெரிய மார்க்கெட்டுக்குப் போனால் அங்கிருந்து கூப்பிட்டு, வஞ்சிரம் என்ன விலை, வழியில் யாரைப் பார்த்தார், அந்த ஆள் மருமகனைப் பற்றி என்ன புலம்பினார் என்று அரை மணி நேரம் பேசுவார். வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்துவிட்டு, "ம்" என்பார். அவ்வளவுதான். நானும் லேசுப்பட்டவள் இல்லை. எதிரில் உட்கார்ந்தால் எனக்கும் ஒரு வார்த்தை வராது. சில நாள் அவரைக் கடைக்கு அனுப்புவதே அவரோடு பேசுவதற்குத்தான்.

உம்ரா யாத்திரை போய் வந்தீர்களே, அப்போதாவது சேர்ந்து இருந்திருப்பீர்களே என்று அரீபா கேட்டாள். நல்ல கதை. குரூப்பாகப் போனால் பெண்களெல்லாம் ஒரு ரூம், ஆண்களெல்லாம் ஒரு ரூம். நான் காரைக்கால் பெண்கள் மூன்று பேரோடு தங்கினேன். இவர் மேல் மாடியிலிருந்து போன் செய்து "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இதைக் கேட்டுத்தான் அரீபா தலையில் அடித்துக்கொண்டாள், "இந்த தடவை ஒரே ரூம்லதான் இருக்கணும், வேற யாரும் கூட வர மாட்டாங்க" என்று சொல்லிக் கப்பலுக்குப் பணம் கட்டினாள்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பால்கனி இருந்தால் இரண்டு நாற்காலியைப் போட்டுக் கடலைப் பார்த்து உட்காரலாம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டாம். அலையைப் பற்றிப் பேசலாம், பறவை போனால் பறவையைப் பற்றிப் பேசலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் காற்று வாங்கலாம். அதுவும் இரண்டே ராத்திரி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். அந்த மூடிய பெட்டிக்குள் ஐந்து ராத்திரி, போனும் இல்லாமல் என்ன செய்வது? பேச ஒன்றுமே இல்லை என்பது அங்கே வைத்துத் தெரிந்துபோய்விட்டால்? மீதி ஆயுசை அந்தத் தெரிந்துபோனதோடு கழிக்க வேண்டும். எனக்கு அதுதான் பயம். கடல் இல்லை, கப்பல் இல்லை, இதுதான்.

இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா? "காத்து இல்லாம எனக்கு மூச்சு முட்டும்" என்று சொன்னேன்.

"முழு ஏசிதான்" என்றார் அவர். முப்பது வருஷம் அதே தொழிலில் இருந்தவரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது?

ரெண்டு நாள் வீட்டில் இதே பாட்டு. அரீபா போனில் சலித்துக்கொண்டாள். "நீங்க ஒத்துக்கறதுக்குள்ள கப்பல் கிளம்பிடும்மா. முதல்ல உனக்குத் தண்ணி ஒத்துக்குதான்னு பாரு. நோணாங்குப்பம் போய் போட்ல ஒரு சுத்து போயிட்டு வாங்க. கொமட்டுச்சுன்னா ரெண்டு நாளு. ஒண்ணும் பண்ணலன்னா அஞ்சு நாளு. அத்தா, சரிதானே?"

"சரி" என்றார் அவர். நானும் சரி என்றேன். குமட்டுகிறது என்று சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போட் ஹவுஸில் கூட்டம் சொல்லி மாளாது. புர்காவுக்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டி, வயிற்றில் வார் இறுக்கி, நான் பார்சல் மாதிரி நின்றேன். படகில் ஏறியதும் ஓட்டுகிற பையன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான். "பாய், நீங்க முன்னாடி போய் உக்காருங்க. அம்மா, நீங்க பின்னாடி வாங்க, வெயிட்டு ஒரே பக்கமா விழுது" என்று பிரித்து வைத்துவிட்டான். எங்களை எங்கே கொண்டுபோய் விட்டாலும் பிரித்து வைக்க ஒரு ஆள் கிடைத்துவிடுகிறான். அவர் முன் பலகையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நடுவில் ஒரு காலேஜ் கூட்டம், செல்ஃபியும் கூச்சலுமாக. மோட்டார் படபடவென்று கிளம்பியது. இரண்டு பக்கமும் அலையாத்திச் செடிகள் நகர்ந்தன. காற்று முகத்தில் அடித்தது. உண்மையைச் சொன்னால் ரொம்ப நன்றாக இருந்தது. குமட்டலாவது ஒன்றாவது, சின்ன வயதில் ராட்டினத்தில் உட்கார்ந்தது போல மனசு துள்ளியது. முகத்தைச் சுளித்து வைத்துக்கொள்ளத்தான் பாடுபட்டேன்.

கைப்பைக்குள் போன் அடித்தது. அவர்தான். முன்னால் முதுகைப் பார்த்தேன், ஒரு கை காதோரம் இருந்தது.

"கொமட்டுதா?"

"ஆமா... லேசா" என்றேன்.

"பொய் சொல்லாத. ஏறும்போது உன் மூஞ்சப் பார்த்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தோள் குலுங்கியது, ஒரு நொடி கழித்துச் சிரிப்பு என் காதில் வந்தது.

"உனக்கு ஏன் பால்கனிதான் வேணும்? நெசத்தச் சொல்லு" என்றார்.

மோட்டார் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்காது. அவர் முகமும் எனக்குத் தெரியவில்லை. இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

"பயமா இருக்குங்க. அந்த ரூமுக்குள்ள உங்ககூட நான் என்னத்த பேசறது? நமக்குப் பேச வருதா? போன் இல்லன்னா நாம ரெண்டு பேரும் ஊமைங்க. அங்க போய் அத தெரிஞ்சிக்கிட்டு வரணுமா?"

கோபித்துக்கொண்டாரோ என்று பார்த்தேன். முதுகு அப்படியே இருந்தது.

"எனக்கு மட்டும் தெரியுமா, என்ன பேசறதுன்னு?" என்றார். "எனக்கும் அதே பயம்தான்."

"அப்புறம் எதுக்கு அஞ்சு நாளு?"

"ரெண்டு நாளுன்னா லீவு மாதிரி ஆயிடும் நஜீமா. லீவுல வந்து எறங்குன அன்னிக்கே திரும்பிப் போற டிக்கெட்டு கண்ணு முன்னாடி வந்து நின்னுடும். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வாய் எடுப்பேன், சரி, போய் போன்ல சொல்லிக்கலாம்னு விட்டுடுவேன். அப்படியே பழகிப்போச்சு. இப்ப எங்கயும் போகப் போறதில்ல, இன்னும் அந்தப் பழக்கம் போவல." இருமினார். "ரெண்டு நாள்ல எனக்குப் பேச்சு வராது. மூணாவது நாளு ஆரம்பிச்சிடுவேன்னு நெனைக்கறேன். அதுக்குத்தான் அஞ்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருஷம் கழித்து ஒரு மனிதர் மூன்றாவது நாளை நம்பிக் கேட்கிறார். பக்கத்திலிருந்த பெண் "என்னாச்சும்மா, வாந்தி வருதா?" என்று கவர் எடுத்து நீட்டினாள். "இல்லம்மா, காத்து கண்ணுல அடிக்குது" என்றேன். போனில் அவர், "என்ன?" என்றார். "கொமட்டல" என்றேன். "தெரியும்" என்றார். படகு கரையைத் தொடும்வரை இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.

மறுநாள் மிஷன் வீதிக்குப் போய் இனியாவிடம் ஐந்து நாள் என்று சொல்லிவிட்டு வந்தோம். பால்கனிக்கு ஆசைப்பட்டவள் நான் ஒருத்திதான் என்பதால் நான்தான் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். பயம் ஒன்றும் போய்விடவில்லை. மூன்றாவது நாள் வரும், அவர் வாயைத் திறப்பார், அங்கேயும் "ம்" என்றுதான் வரும், அப்போது என்ன செய்வாய் என்று ஒரு குரல் உள்ளே நச்சரித்துக்கொண்டே இருந்தது. போகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அதை அடக்கி வைத்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் சாப்பாடு முடிந்ததும் பரண் மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அடியில் கைலிகள், அதற்கு மேல் சட்டைகள், ஓரத்தில் சுருட்டிய பனியன்கள், தொப்பி, தொழுகை விரிப்பு, பிரஷர் மாத்திரை, முழங்கால் தைலம். நார்த்தங்காய் ஊறுகாயை மூன்று கவரில் சுற்றி, எண்ணெய் கசியாமல் கட்டி வைத்தேன். பருப்புப் பொடி ஒரு டப்பா, முறுக்கு ஒரு டப்பா. முழங்காலால் அமுக்கி ஜிப்பை இழுத்து மூடினேன். அப்பாடா என்று முதுகை நிமிர்த்தும்போது சாயங்கால அஸர் தொழுதுவிட்டு அவர் உள்ளே வந்தார். பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். திறந்தார். ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தார்.

"உன்னுது எங்க?"

"என்னுது என்ன?"

"உன் துணி."

நான் பெட்டியைப் பார்த்தேன். ஒரு கைக்குட்டைகூட என்னுடையது இல்லை. யா அல்லாஹ், நானும் போகிறேன் என்பதே கைக்குத் தெரியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்புதான் வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்தது. "கை தானா செஞ்சிருச்சுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பொடி டப்பாவை எடுத்து வெளியே வைத்தார், முறுக்கை வைத்தார், ஊறுகாயை வைத்தார். "கப்பல்ல சோறு போடுவாங்க" என்றார் பெட்டியிடம். சட்டைகளில் பாதியை எடுத்தார். எல்லாக் கைலியையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்தைக் கையால் வழித்துக் காலி செய்தார். பிறகு எழுந்து போய் என் பீரோவைத் திறந்தார். இத்தனை காலத்தில் அவர் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. அடுக்கிய புடவைகளுக்கு முன்னால், புது ஊரில் பஸ் போர்டு படிக்கிற ஆள் போல நின்றார்.

"எத எடுக்கறது?"

"ஏதாவது எடுங்க."

ஒரு பச்சைப் புடவையை உருவினார். விரித்துப் பார்த்தார். "இது எப்ப எடுத்தது? நான் பார்த்ததே இல்லியே."

"அரீபாவ காலேஜ்ல சேத்தப்ப. அன்னிக்குக் கட்டிக்கிட்டுப் போகணும்னு."

"யாருகூடப் போன?"

"யாருகூட? நானும் அவளும்தான். பஸ் வழியில நின்னுபோச்சு."

"இத நீ சொல்லவே இல்ல."

"நீங்க கேக்கல."

"இப்பக் கேக்கறேன்" என்றார்.

கொசு வருகிற நேரம் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, என் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார். புடவை அவர் மடியில் கிடந்தது. என் முகத்தைப் பார்த்தார். எனக்கு எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை, ஆனாலும் ஆரம்பித்தேன். பஸ் நின்றது, அரீபா அழுதது, ரோட்டில் போன ஒரு டெம்போவை நான் கையைக் காட்டி நிறுத்தியது, அதில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து காலேஜ் வாசலில் போய் இறங்கியது எல்லாம் சொன்னேன். வெங்காயத்துக்கு அவர் சிரித்தார். எங்களைப் பார்த்து காலேஜ் வாட்ச்மேன் முழித்ததை நான் நடித்துக் காட்டியதும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பச்சைப் புடவை முடிந்ததும் எட்டி ஒரு ஊதாவை உருவினார், அதற்குப் பிறகு ஒரு மஞ்சள். பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லும்போது அவர் மடியில் புடவைகள் குவிந்து கிடந்தன. பெட்டியின் அந்தப் பக்கத்தில் இன்னும் ஒன்றுகூட வைக்கவில்லை.